கத்தரீனாளின் பேருக்கு ஒரு ஆள்

வண்டிப்பெரியாரில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மேலே ஏறினால் வருகிற ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய பதிவில், கத்தரீனாள் என்ற பெண் இரண்டரை வருடம் ஒரு நாள் விடாமல் வேலைக்கு வந்ததாக இருக்கும். நடுவில் பதினாறு நாள் மட்டும் காய்ச்சல் என்று எழுதியிருக்கும். மழை, பனி, சொந்தக்காரர் சாவு, கோயில் திருநாள் எதற்கும் அவள் நிற்கவில்லை. துரையே ஒரு தடவை அந்தப் பேரைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி பத்துப் பேர் இருந்தால் போதும் என்று சொன்னாராம்.

அந்த இரண்டரை வருடத்தில் கத்தரீனாள் ஒரு கொழுந்துகூடக் கிள்ளவில்லை. அவளுக்குக் காய்ச்சலும் வரவில்லை.

ஐம்பத்திரண்டாம் வருடம் கார்த்திகை மாதம் அவள் புருஷன் பாஸ்கல் நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறி, ஈரத்தில் கால் வழுக்கி விழுந்தான். உயிர் போகவில்லை, முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் பார்த்துக்கொள் என்று அனுப்பினார்கள். அனுப்புவதற்கு முன் அங்கே இருந்த கன்னியாஸ்திரீ ஒருத்தி மூன்று நாள் கத்தரீனாளைப் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடி எலும்பு மூன்றையும் தினம் பார்க்க வேண்டும். எங்கே சிவந்திருக்கிறதோ அந்தப் பக்கம் படுக்க விடக் கூடாது. துணி நனைந்தால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும்.

பாஸ்கல் பதினான்கு மாதம் அப்படிக் கிடந்தான். அவன் சாகும்போது உடம்பில் ஒரு புண் கிடையாது. இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. மூன்று பேர் முறை வைத்துப் பார்க்கிற இடத்திலேயே புண் வந்து புழு வைத்த ஆட்கள் உண்டு. கத்தரீனாள் தனி ஒருத்தியாகப் பார்த்தாள். பார்க்க வேண்டுமானால் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் இருந்தால் பேர் போய்விடும்.

தோட்டத்தில் பேர்தான் எல்லாம். காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிடுவான். கூப்பிட்ட பேருக்குக் குரல் வந்தால் அன்றைக்குக் கூலி உண்டு. பேர் இருக்கிற ஆளுக்குத்தான் லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு அறை, வருடத்துக்கு ஒரு கம்பளி, மருந்து, அரிசி. தொடர்ந்து வராவிட்டால் பேரை வெட்டுவார்கள். பேரை வெட்டினால் ஒரு வாரத்தில் அறையைக் காலி செய்ய வேண்டும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத புருஷனைத் தூக்கிக்கொண்டு கத்தரீனாள் எங்கே போவாள்? திருநெல்வேலிப் பக்கம் அவளுடைய சொந்த ஊரில் அவளுக்கு ஒரு சித்தி மட்டும் இருந்தாள். அந்தச் சித்தியே யாராவது கஞ்சி ஊற்ற மாட்டார்களா என்று காத்திருந்தவள்.

கங்காணி சின்னையன் மூன்று மாதம் எப்படியோ பேரை வெட்டாமல் இழுத்துப் பிடித்தான். அவன் நல்லவன் என்று சொல்ல முடியாது, கெட்டவன் என்றும் சொல்ல முடியாது. வேலைக்கு நிற்கிற தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று அவனுக்குத் தலைக்காசு உண்டு. ஒரு பேர் குறைந்தால் அவனுக்கும் குறையும். மாசி மாதம் ஒரு நாள் அறை வாசலில் வந்து நின்றான். பின்னால் ஒரு பெண் நின்றாள்.

“கத்தரீனா, ஒம் பேருக்கு ஒரு ஆள் கொண்டாந்திருக்கேன்” என்றான்.

அந்தப் பெண் வேலுத்தாய். இருபத்திரண்டு வயது இருக்கும். கம்பத்துக்குக் கிழக்கே வானம் பார்த்த பூமி அவள் ஊர். குமுளிக் காட்டில் ஏலக்காய் எடுக்க ஒரு கூட்டத்தோடு மலை ஏறி வந்தவள். காய் எடுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள், இவள் இறங்கவில்லை. ஊரில் மூன்று வருடமாக மழை இல்லை. புருஷன் பெரியமுத்து வண்டி மாட்டை விற்றுவிட்டு ஒரு பருத்திக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அங்கே பெண் ஆளுக்குக் களையெடுக்க ஆறணா. அதுவும் வாரத்தில் இரண்டு நாள் கூப்பிட்டால் பெரிது.

தோட்டத்தில் புதிதாகப் பேர் எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். அதனால் ஏற்பாடு இப்படி ஆயிற்று: வேலுத்தாய் கத்தரீனாளின் பேருக்குப் போவாள். பெண் ஆளுக்குத் தோட்டம் கொடுக்கிற கூலி ஒன்றேகால் ரூபாய், அதாவது இருபதணா. அதில் சின்னையனுக்கு இரண்டு, கத்தரீனாளுக்கு ஆறு, வேலுத்தாய்க்குப் பன்னிரண்டு. படுக்க அறையில் அடுப்புப் பக்கம் இடம். பன்னிரண்டணா என்று கேட்டதும் வேலுத்தாய் சின்னையனைப் பார்த்தாள், கத்தரீனாளைப் பார்த்தாள், ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்படுகிறவள் போல. குறைவு என்ற சந்தேகம் இல்லை. இவ்வளவு தருவார்களா என்ற சந்தேகம்.

“தெனமுமாக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

மாட்டிக்கொள்ள மாட்டோமா என்று கத்தரீனாள் பயந்தாள். சின்னையன் சிரித்தான். மலையில் எட்டு மாதம் மழை. பெண்கள் எல்லோரும் கம்பளியைத் தலைக்கு மேல் கூம்பாக மடித்துப் போட்டுக்கொண்டு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். சூப்பர்வைசர் கூடையைப் பார்ப்பாரே தவிர முகத்தைப் பார்ப்பதில்லை. கூட நிற்கிற பெண்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்ல மாட்டார்கள். நாளைக்கு அவர்களுக்கும் இப்படி ஒரு ஆள் தேவைப்படலாம்.

அன்று சாயங்காலம் வேலுத்தாய்க்குப் பேருக்குக் குரல் கொடுக்கப் பழக்கினார்கள். கத்தரீனாள் தன் பேரைத் தானே கூப்பிடுவாள். வேலுத்தாய் அடுப்படியிலிருந்து “இருக்கேன்யா” என்பாள். முதல் இரண்டு தடவை மறந்துபோய்ச் சும்மா இருந்தாள். படுக்கையிலிருந்து பாஸ்கல் சொன்னான்:

“ஒரு கத்தரீனாளையே என்னால சமாளிக்க முடியல. இப்ப ரெண்டா?”

வேலுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விழுந்ததற்கு அப்புறம் அவன் கேலி பேசியது அதுதான் முதல் தடவை. அதனாலேயே கத்தரீனாளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

முதல் ஒரு வருடம் யாரும் யாரையும் குறை சொல்ல வழியில்லை. ஒருத்திக்கு வேலை தேவை, ஒருத்திக்குப் பேர் நிற்க வேண்டும். கொழுந்துச் சாறு பட்டு வேலுத்தாயின் விரல் நுனிகள் வெடித்தபோது கத்தரீனாள்தான் வேப்பெண்ணெய் போட்டுத் துணி சுற்றிவிட்டாள். பாஸ்கலைக் குளிப்பாட்டும்போது வேலுத்தாய்தான் தலைப் பக்கம் பிடித்தாள். மாதம் ஒரு தடவை பெரியமுத்து மேலே வந்து பணத்தை வாங்கிக்கொண்டு போனான். ஊரில் அவன் தாயும் இரண்டு தம்பிகளும் அதில்தான் சாப்பிட்டார்கள்.

ஐம்பத்திநாலாம் வருடம் தவக்காலத்தில் பாஸ்கல் இறந்தான். கத்தரீனாளுக்கு அப்போது நாற்பத்திநாலு வயது. கை கால் திடமாக இருந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தவள், சுவரில் தொங்கிய தன் பழைய கொழுந்துக் கூடையை எடுத்துத் துடைத்தாள். கயிறு இற்றுப்போயிருந்தது. கடைக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கிவந்து கோத்தாள். அடுத்த திங்கட்கிழமை பெரட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தாள். இதை வேலுத்தாயிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. வேலை முடிந்து வந்த வேலுத்தாய் புதுக் கயிற்றைப் பார்த்தாள். கை கழுவினாள். அடுப்பை மூட்டினாள். தண்ணீர் கொதித்தது. பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:

“அக்கா, எனக்குப் பத்தணாப் போதும்.”

கத்தரீனாள் கூடையை எடுத்துப் பழையபடி சுவரில் மாட்டினாள்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் மிரட்டவில்லை, கேட்கவில்லை. பின்னாளில் இதை நினைக்கும்போதெல்லாம் கத்தரீனாள், அவள்தானே சொன்னாள், நானா குறைத்தேன் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்ப்பாள். கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தாள். பத்துக் கட்டளைகளில் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. களவு என்று சொல்லலாம் என்றால், கொடுத்தவள் தானாகக் கொடுத்தாள். பொய் என்றால், அந்தப் பொய் தோட்டத்துக்குச் சொன்னது. வேலுத்தாய்க்குச் செய்தது என்ன என்பதற்கு ஒரு பேர் கிடைக்கவில்லை.

மழையில் நனையாத வாழ்க்கை ஒரு தடவை பழகிவிட்டால் விடுவது கஷ்டம். கத்தரீனாளுக்குப் பகல் முழுக்க நேரம் கிடைத்தது. லயத்தில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் அவளைக் கூப்பிட்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் குளிப்பாட்ட, கிழவர்களைப் புரட்டிவிட, அம்மை போட்ட வீட்டில் துணி அலச, எல்லாவற்றுக்கும் அவள் போனாள். காசு வாங்க மாட்டாள். கத்தரீனா அக்காவைப் போல மனசு யாருக்கு வரும் என்று சொன்னார்கள். அந்த மனசுக்கு மேட்டுத் தேயிலைக் காட்டில் ஒருத்தி மழையில் நின்றுகொண்டிருந்தாள் என்று யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. கத்தரீனாளும் சேர்த்து நினைக்கவில்லை.

ஐம்பத்திநாலாம் வருடம் ஐப்பசியில் வேலுத்தாய் முழுகாமல் இருப்பதைக் கத்தரீனாள் கண்டுகொண்டாள். அது அவள் கண்ணுக்குத் தப்பாது. காலையில் கஞ்சி வாசனைக்கு முகம் திருப்புவது, நிமிரும்போது இடுப்பில் கை வைப்பது, எல்லாம் தெரிந்தது. வேலுத்தாய் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. படங்குச் சாக்கை வேலுத்தாய் நாளுக்கு நாள் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டினாள்.

ஐம்பத்தைந்தாம் வருடம் மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்துக்காரர் ரத்தினசாமி பெரட்டுக் களத்தில் கூட்டம் போட்டார். அவர் கீழ்ப் பிரிவில் இருக்கிறவர். இந்தப் பிரிவுப் பெண்களின் முகம் அவருக்குப் பழக்கமில்லை. புதிய சட்டம் வந்திருப்பதை விளக்கினார். வருடத்தில் போதுமான நாள் வேலை செய்த பெண்ணுக்குப் பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் லீவு, வீட்டில் இருந்தாலும் காசு. பிறகு வேலைக்கு வந்தால் கைக்குழந்தையைப் பிள்ளைப்புரையில் ஆயாவிடம் விடலாம். காலை பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் வேலையை நிறுத்திவிட்டு வந்து பால் கொடுக்கலாம்; அதற்குக் கூலி பிடிக்கக் கூடாது. யார் யாருக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று ஆபீசில் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதைப் படித்தார்.

“கத்தரீனாளுக்கு எத்தன நாளு?” என்று கூட்டத்தில் ஒருத்தி விஷமத்தோடு கேட்டாள்.

ரத்தினசாமி தாளைப் பார்த்தார். “இந்த அம்மா ஒரு நாள்கூட விடல. நாளைக்கே பெத்தாலும் காசு உண்டு.”

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாற்பத்தைந்து வயது விதவை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பின்வரிசையில், சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலுத்தாய் நின்றிருந்தாள். எல்லோரும் சிரித்து ஓய்கிற நேரத்தில் அவளும் சிரித்தாள். ரத்தினசாமிக்கு ஒன்றும் புரியாமல் அவரும் சிரித்தார்.

அறைக்கு வந்ததும் வேலுத்தாய் சாக்கை அவிழ்த்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை என்பது போல வயிற்றைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

“அந்த நாளெல்லாம் எம் பேருக்கு எழுத மாட்டாகளா அக்கா?”

அந்த இரண்டரை வருடத்தில் தனக்கென்று அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

“எப்படிட்டி எழுதுவாக? ஒம் பேர்ல இங்க யாருமே இல்லையே” என்றாள் கத்தரீனாள்.

சொன்னது உண்மை. வேண்டுமென்று புண்படுத்தச் சொன்னதும் இல்லை. வேலுத்தாய் தலையை ஆட்டினாள், கணக்குப் புரிந்துவிட்டது போல. அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் கத்தரீனாளுக்கு மனசு உறுத்திற்று. இரண்டு நாள் கழித்து ரத்தினசாமியைக் கடைத்தெருவில் பார்த்தபோது, பக்கத்துத் தோட்டத்தில் நடந்ததாகக் கேள்விப்பட்டேன் என்று சொல்லி விசாரித்தாள்: ஒருத்தி பேருக்கு இன்னொருத்தி வேலைக்குப் போனால் என்ன செய்வார்கள்?

ரத்தினசாமி யோசிக்கவே இல்லை. “ரெண்டு பேரையும் கீழ அனுப்புவாக. கங்காணியையும் சேத்து.”

“சங்கம் பேசாதா?”

“எதுக்குப் பேசணும்? நாங்க ஒவ்வொரு அணாவுக்கும் உசிரக் குடுக்கோம். அடிவாரத்துலருந்து ஒருத்தி வந்து பாதிக் கூலிக்கு நிக்கிறா. அவ இருக்கிற வரைக்கும் தொரை எதுக்கு ஏத்தித் தருவான்? பேரைக் குடுத்தவளும் குத்தவாளி, போனவளும் குத்தவாளி.”

பாதிக் கூலிக்கு நிற்கிறவளைத் துரைக்குத் தெரியவே தெரியாதே என்று கத்தரீனாளுக்குத் தோன்றிற்று. துரை முழுக் கூலிதானே கொடுக்கிறார். மீதி எங்கே போகிறது என்று ரத்தினசாமி கேட்டால் என்ன சொல்வது? அவள் மண்ணெண்ணெய் வாங்க வந்ததாகச் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

வைகாசி மாதம் ஒரு காலை நேரத்தில் அந்த அறையிலேயே குழந்தை பிறந்தது. கத்தரீனாள்தான் பார்த்தாள். சிக்கல் எதுவும் இல்லை. நஞ்சுக்கொடி முழுதாக விழுந்தது. ரத்தம் அளவோடு நின்றது. பெண் குழந்தை. எடை குறைவுதான், ஆனால் அழுகை பலமாக இருந்தது, பிறந்த அரை மணியில் பால் குடித்தது. பெரியமுத்து வந்து பார்த்து, பேச்சி என்று கூப்பிட்டான்.

சின்னையன் கத்தரீனாளுக்குக் காய்ச்சல் என்று எழுதிவைத்தான். பதினாறாம் நாள் வாசலில் வந்து நின்றான். இதற்கு மேல் காய்ச்சல் என்றால் டாக்டர் வந்து பார்ப்பார் என்றான். வெளியே தேனிப் பக்கத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி ஒன்பதணாவுக்கு நிற்கத் தயாராக இருக்கிறாள் என்றும் சொன்னான். அதை அவன் யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னான்.

“நாளைக்கு நான் போறேன்யா” என்றாள் வேலுத்தாய்.

இந்த இடத்தில்தான் கத்தரீனாள் பிற்பாடு திரும்பத் திரும்ப வந்து நின்றாள். நாளைக்கு நான் போகிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். பேர் அவளுடையது. கூடையும் கயிறும் அவளுடையது. மூன்று மாதம் அவள் பெரட்டுக்குப் போய்க் குரல் கொடுத்து, கூலியைக் கொண்டுவந்து வேலுத்தாயிடம் கொடுத்திருந்தால், சட்டம் சொன்னது முழுதும் அந்த அறைக்குள்ளேயே நடந்திருக்கும். யாரிடமும் உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை, யார் பேரும் போகாது. இவ்வளவு எளிமையான வழி அப்போது அவள் மனசில் எட்டிப்பார்க்கவே இல்லை. குழந்தையை நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்றுதான் தோன்றிற்று. அதைச் சொல்லவும் செய்தாள். வேலுத்தாய் அதற்கு நன்றியும் சொன்னாள்.

பேச்சியைப் பிள்ளைப்புரையில் விட முடியாது. அங்கே ஆயா தாயின் பேரைக் கேட்டு எழுதுவாள். பத்து மணிக்கு மற்றத் தாய்மார்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பால் கொடுக்க ஓடும்போது, வேலுத்தாய் நிரையை விட்டு அசைய முடியாது. விதவை கத்தரீனாளுக்குக் கைக்குழந்தை ஏது என்று சூப்பர்வைசர் கேட்பார். மற்றவர்கள் போய் வருகிற அந்த அரை மணியில் அவள் மட்டும் கிள்ளிக்கொண்டு நிற்பாள். மார்பில் பால் கட்டி, ரவிக்கை நனையும். மழையில் அது யாருக்கும் தெரியாது.

கொழுந்து பக்கத்துக் காட்டில் இருந்தவரை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஆனி கடைசியில் மேல் காட்டுக்கு மாற்றினார்கள். மூன்று மைல் ஏற்றம். காலை ஐந்தரைக்குக் கொடுத்தால், அடுத்துச் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான். பகல் முழுக்கப் பசும்பாலில் தண்ணீர் கலந்து, காய்ச்சி, பாலாடையில் கத்தரீனாள் ஊற்றினாள். சுத்தமாகத்தான் செய்தாள். பாலாடையைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். மிச்சப் பாலை வைத்துக்கொடுக்கவில்லை. ஆனால் ஒரு மாதக் குழந்தையின் வயிறு பசும்பாலுக்கு ஆனதில்லை. வேலுத்தாய்க்கும் கட்டிக் கட்டிப் பால் குறைந்துகொண்டு வந்தது. பக்கத்து அறைக்காரி இரண்டு நாள் தன் பாலைக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவள் மாமியார் தடுத்துவிட்டாள்.

ஆடி பிறந்ததும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அங்கேயும் தாயின் பேரைக் கேட்டு எழுதுவார்கள். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கத்தரீனாள் ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினாள். இரண்டாம் நாள் உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. அது என்ன அர்த்தம் என்று கத்தரீனாளுக்குத் தெரியும். தாய்ப்பால் இறங்கினால் ஒருவேளை நிற்கும் என்றும் தெரியும். குழந்தையைக் கம்பளிக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு மேல் காட்டுக்கு ஏறினாள்.

போய்ச் சேரும்போது பத்து மணி. மற்றத் தாய்மார்கள் மேல் காட்டுப் பிள்ளைப்புரைக்குச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். காட்டின் விளிம்பில் வந்து நின்றாள். நாலாவது நிரையில் வேலுத்தாய் இருந்தாள். அவளுக்குப் பத்தடி தள்ளி, குடையோடு சூப்பர்வைசர் நின்றார். வேலுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். கத்தரீனாளின் கையில் இருப்பது என்ன, ஏன் கொண்டுவந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது.

கத்தரீனாள் கூப்பிட வாயைத் திறந்தாள். வேலு என்று கூப்பிட்டால் அங்கேயே எல்லாம் முடிந்தது. வேறு பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றால், தன் பேரைத்தான் சொல்லிக் கூப்பிட வேண்டும். மழை பெய்துகொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்தபடியே நின்றாள்.

வேலுத்தாய் குனிந்து, அடுத்த செடிக்குக் கையைக் கொண்டுபோனாள்.

பேச்சி மறுநாள் மதியம் கத்தரீனாளின் மடியில் போயிற்று. தாய்க்குச் சொல்லி அனுப்ப முடியவில்லை. அவள் வழக்கம்போல் ஐந்து மணிக்குத்தான் வந்தாள். வாசலில் பெண்கள் நின்றதைப் பார்த்து, கூடையைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

நான்காம் நாள் பெரியமுத்து வந்து அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினான். படங்கை மடித்து வைத்திருந்தாள். கம்பளியை உதறிக் காயப்போட்டிருந்தாள். புறப்படும்போது அவள் கவலையெல்லாம் கத்தரீனாளின் பேரைப் பற்றித்தான் இருந்தது.

“சின்னையன்ட்டச் சொல்லி வேற ஆள் பாத்துக்கிடுங்கக்கா. பேரை விட்றாதீக.”

ஒன்பதணாக்காரியைக் கூட்டிக்கொண்டு சின்னையன் அன்றே வந்தான். கத்தரீனாள் வேண்டாம் என்றாள். மறுநாள் காலை அவளே பெரட்டுக்குப் போனாள். உடம்பு பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் வாரம் முழங்கால் வீங்கிற்று. பிறகு சரியாயிற்று. சரியானதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு எளிதாகச் சரியாகிற முழங்கால்.

மூன்று வருடம் கழித்து, ராயப்பன்பட்டிக் கோயில் திருநாளுக்கு என்று லீவு சொல்லிவிட்டு மலை இறங்கினாள். திருநாளுக்குப் போகத்தான் செய்தாள். ஆனால் மறுநாள் பஸ் ஏறி வேலுத்தாயின் ஊருக்குப் போனாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

வேலுத்தாய் ஒரு கடலைக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில், துணி விரிப்பில் ஒன்றரை வயதுப் பையன் உட்கார்ந்து மண்ணைத் தின்றுகொண்டிருந்தான். தொடையில் நல்ல சதை உள்ள பையன். கத்தரீனாளைப் பார்த்ததும் வேலுத்தாய் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மெலிந்துதான் இருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. பையனைத் தூக்கிக் கையில் கொடுத்தாள். வயிறு, கண், நாக்கு எல்லாம் கத்தரீனாள் பார்த்தாள். குறை ஒன்றுமில்லை.

வரப்பில் உட்கார்ந்தார்கள். காட்டுக்காரர் பார்த்துவிடுவாரோ என்று வேலுத்தாய் அடிக்கடி திரும்பிக்கொண்டாள். அதனால் கத்தரீனாள் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“ஒனக்கு நான் செஞ்சது சரியில்லட்டி, வேலு.”

வேலுத்தாய் புரியாமல் பார்த்தாள். “என்னக்கா சொல்றீக? நீங்க பேர் குடுக்கலன்னா அந்த வருசம் எங்க வீட்டுல நாலு பொணம் விழுந்திருக்கும்.”

“பேச்சி?”

“அது அதோட விதி.” பையனின் வாயிலிருந்து மண்ணை விரலால் துழாவி எடுத்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “அக்கா, இப்ப ஒங்க பேருக்கு யாரு போறாக?”

“நாந்தான் போறேன்.”

வேலுத்தாய் அவள் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் கொழுந்துக் கறை இருந்தது. அக்காவுக்கு வயதாகிறது, எத்தனை நாள் மழையில் நிற்பீர்கள் என்று கேட்டாள். இங்கே ஆண்டவன் புண்ணியத்தில் வாரம் மூன்று நாள் வேலை இருக்கிறது, ஆனால் வீட்டில் ஆறு வாய் என்றாள். பிறகு சொன்னாள்:

“ஒம்பதணாவுக்கும் வருவேன் அக்கா. இவன் பால் மறந்துட்டான்.”

அணாவெல்லாம் போய் இப்போது நயா பைசா வந்துவிட்டது என்று சொல்ல வாய் வந்தது. அது பதில் இல்லை. இந்த முகத்துக்கு என்ன சொன்னாலும் தப்பாகத்தான் போகும் என்று கத்தரீனாளுக்குத் தெரிந்தது. சரி என்றால் பழைய கதை. இல்லை என்றால், வாரம் மூன்று நாள் வேலை இருக்கிற வீட்டில் ஆறு வாய்.

“எம் பேரு இனிமே யாருக்கும் கெடையாதுட்டி” என்றாள்.

வேலுத்தாய் முகம் சுருங்கிற்று. பையனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நிரையில் பாதியில் நின்ற களையைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

“நான் ஏதாச்சும் தப்பா நடந்துக்கிட்டனாக்கா?”

இல்லை என்று கத்தரீனாள் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். வேலுத்தாய் நம்பினதாகத் தெரியவில்லை. காட்டுக்காரர் தூரத்தில் வருவது தெரிந்ததும், அக்கா போய் வாருங்கள் என்று எழுந்து, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு தன் நிரைக்குப் போய்விட்டாள்.